இருபத்தேழு தடவை ‘அதிர்வு இல்லை’

புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு எங்க அப்பா பொய் எழுதினவருன்னு எனக்குத் தெரிய வந்துச்சு. கையில டீ இருந்துச்சு. அதை அப்படியே மேசையில வெச்சேன், சாயங்காலம் வரைக்கும் அது அங்கயேதான் இருந்துச்சு.

என் வேலை என்னன்னு சொன்னாத்தான் இது புரியும். நிலநடுக்க அலுவலகத்துல பழைய பதிவுகளைச் சரிபார்க்கிறவ நான். எந்த ஊர்ல எப்போ நிலம் ஆடிச்சு, எவ்வளவு ஆடிச்சுன்னு எங்ககிட்ட ஒரு பட்டியல் இருக்கு. அந்தப் பட்டியலை வெச்சுத்தான் எந்த ஊருக்கு எவ்வளவு ஆபத்துன்னு வரைபடத்துக்கு நிறம் அடிக்கிறாங்க. அந்த நிறத்தைப் பார்த்துத்தான் எஞ்சினியருங்க தூண் எவ்வளவு தடிமன், உள்ள கம்பி எத்தனைன்னு முடிவு பண்றாங்க. பட்டியல் தப்பா இருந்தா தூணும் தப்புத்தான்.

அந்தப் பட்டியல்ல நடக்கிற கூத்தைக் கேட்டா சிரிப்பீங்க. ஒரே நிலநடுக்கத்தை மூணு பேரு மூணு நாட்காட்டியில எழுதி வெச்சிருப்பாங்க, அது மூணு நிலநடுக்கமா உள்ள வந்து உட்கார்ந்திருக்கும். எங்கயோ வெடிமருந்துக் கிடங்கு வெடிச்சதை எந்த மகராசனோ நிலநடுக்கம்னு சேர்த்திருப்பான். நிவாரணம் வாங்கறதுக்காக நாலு ஓடு விழுந்ததை நாற்பது வீடுன்னு எழுதியிருப்பாங்க. பதினேழு வருஷமா இந்தக் குப்பையைக் கிளறித்தான் நான் சோறு சாப்பிடறேன்.

இந்தக் குப்பைக்குள்ள நாங்க கண்ணை மூடிக்கிட்டு நம்புறது ஒண்ணே ஒண்ணு, நிலையப் பதிவேடு. கருவி வெச்சிருக்கிற இடத்துல ஆள் உட்கார்ந்து தினம் மூணு வேளை எழுதறது. மத்த இடத்துல ஒண்ணும் எழுதலைன்னா ஒண்ணும் நடக்கலைன்னு அர்த்தமில்லை, யாரும் பார்க்காம இருந்திருக்கலாம். ஆனா நிலையத்துல ‘அதிர்வு இல்லை’ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தா, அது சாட்சி. அந்தச் சாட்சிக்கு எதிரா யாரு என்ன சொன்னாலும் ‘சந்தேகத்துக்குரியது’ன்னு முத்திரை குத்தி ஓரமா வெச்சுடுவோம். நானே எத்தனையோ குத்தியிருக்கேன்.

எங்க ஊர் நிலையத்துல பத்தொன்பது வருஷம் அப்படி எழுதினவரு எங்க அப்பா.

புதன்கிழமை என் மேசைக்கு வந்தது எங்க ஊரைப் பத்தின கோப்பு. வரைபடத்தைப் புதுப்பிக்கிறாங்க, வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணியோட பட்டியலை மூடறாங்க. மறுபடி திறக்க பத்து வருஷம் ஆகும். அதுக்கு முன்னாடி சந்தேகத்துல கிடக்கிறதை எல்லாம் ஒரு தடவை பார்த்துக் கழிச்சுடுங்கன்னு உத்தரவு. நாற்பத்தொரு வருஷத்துக்கு முன்னாடி, ஒரு மாசம் பதினாலாம் தேதி, மத்தியானம் மூணு பத்துக்கு நிலம் ஆடிச்சுன்னு ஒரு பத்திரிகைத் துண்டு. பாத்திரம் உருண்டுச்சாம், கதவு தானா அடிச்சுக்கிச்சாம், புது மார்க்கெட்டோட நீளச் சுவர் சரிஞ்சு ரெண்டு பேரு செத்துப்போனாங்களாம். பக்கத்துலயே சிவப்பு மையில ‘நிலையப் பதிவேட்டுடன் முரண். சந்தேகத்துக்குரியது.’

பதிவேட்டை எடுத்துப் பிரிச்சேன். அப்பா கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். கருவி நிலை, சரி. அதிர்வு, இல்லை. கையெழுத்து. எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. பக்கத்துல இருந்தவளைக் கூப்பிட்டு, “பாரு, எங்க அப்பா எழுதினது, ஒரு அடித்தல் திருத்தல் இருக்கா பாரு”ன்னு காட்டினேன். காட்டிக்கிட்டே இருக்கும்போதுதான் தேதி உறைச்சுச்சு.

அதே வருஷம், அதே மாசம் பதினொண்ணாம் தேதிதான் என் தங்கச்சி பிறந்தா.

எங்க வீட்டுல அந்தப் பிறந்தநாள் கதையை வருஷா வருஷம் கேட்டுக் கேட்டு எங்களுக்கு மனப்பாடம். அம்மாவைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரி ரயில்ல பதினாறு மணி நேரம் தள்ளி. அம்மாவுக்குக் காய்ச்சல் முத்திப் போச்சுன்னு தந்தி வந்ததும் அப்பா என்னையும் தூக்கிக்கிட்டு ஓடினாரு. ஒன்பது நாள் அங்கயே இருந்தாரு. பத்தாம் தேதி போய்ச் சேர்ந்து பதினெட்டாம் தேதி விடிகாலையில ரயில் ஏறினோம். வராந்தா பெஞ்சுல என்னை மடியில போட்டுக்கிட்டுத் தூங்கினாரு. மழை பெய்ஞ்சுச்சுன்னு எனக்கு ஒரு மஞ்சக் குடை வாங்கித் தந்தாரு. அம்மா இப்போ இல்லை, ஆனா கதை இருக்கு. “ஒன்பது நாள், குட்டி! உன் மூஞ்சியை முதல்ல பார்த்தது நான்தான்”னு தங்கச்சிகிட்டச் சொல்லி அவரு கண் கலங்காத வருஷமே கிடையாது.

பத்தாம் தேதியிலேர்ந்து பதினெட்டு வரைக்கும் எண்ணினேன். ஒரு நாளைக்கு மூணு, ஒன்பது நாளைக்கு இருபத்தேழு வரி. கருவி நிலை, சரி. அதிர்வு, இல்லை. இருபத்தேழும் ஒரே மை. மத்த நாள்ல காலையில ஒரு கறுப்பு, சாயங்காலம் கொஞ்சம் நீலம் கலந்த கறுப்புன்னு மாறி மாறி இருக்கு, இந்த ஒன்பது நாள் மட்டும் ஒரே மூச்சுல எழுதினது அப்பட்டமாத் தெரியுது. பதினேழு வருஷமா அடுத்தவன் எழுதின பொய்யைத் தோண்டி எடுத்துத் திட்டிக்கிட்டு இருந்தவ நான். எனக்கு உள்ளங்கால்லேர்ந்து எரிஞ்சுது.

எங்க பிரிவுத் தலைவருக்கு நாங்க வெச்ச பேரு ‘ஆதாரம்’. வணக்கம் சொன்னாக்கூட ஆதாரம் எங்கன்னு கேட்பாரு. அவரு முன்னாடி பதிவேட்டை விரிச்சு வெச்சேன்.

“ஐயா, இந்த ஒன்பது நாளும் பொய். இவரு அப்போ ஊர்லயே இல்லை.”

“யாரு சொன்னா?”

“நான்தான் சொல்றேன். இவரு எங்க அப்பா. நான் கூடவே இருந்தேன்.”

அவரு கண்ணாடியைக் கழட்டினாரு. “அப்போ உங்களுக்கு என்ன வயசும்மா?”

“ஆறு.”

“ஆறு வயசுப் பிள்ளையோட ஞாபகம் ஒரு பக்கம். மூணு வேளை கையெழுத்துப் போட்ட அரசாங்கப் பதிவேடு ஒரு பக்கம். நீங்களே சொல்லுங்க, வேற யாராவது இப்படிக் கொண்டு வந்தா நீங்க ஏத்துக்குவீங்களா?”

ஏத்துக்க மாட்டேன். அதுதான் எனக்கு இன்னும் கோபம்.

“சரி, நீங்க சொல்றது உண்மைன்னே வெச்சுக்குவோம்”னாரு. “இந்த ஒன்பது நாளை அடிச்சுடறோம். மிச்சம் என்ன இருக்கு? பாத்திரம் உருண்டுச்சு, கதவு அடிச்சுக்கிச்சு. அது சின்ன நடுக்கம், வரைபடத்துல நிறம் மாறாது. விஷயமே இந்தச் சுவர்தான். ஆனா கொத்தனார் ஒழுங்கா கட்டலைன்னு கோர்ட்டே தீர்ப்புச் சொல்லியிருக்கு. மட்டமான சுவர் விழறதுக்கு நிலநடுக்கம் எதுக்கு, பக்கத்துல லாரி போனாலே விழும். நல்லா கட்டின சுவர் விழுந்திருந்தாத்தான் இது பெரிய நடுக்கம். அப்போ இந்த ஊரோட நிறமே மாறிடும்.”

“கோர்ட்டு எதை வெச்சு மட்டமான சுவர்னு சொல்லுச்சு?”

அவரு கோப்பைப் புரட்டித் தீர்ப்பு நகலை எடுத்து வாசிச்சாரு. “‘தரை ஆடியதாக எதிரியான கொத்தனார் கூறுவது, நிலையப் பொறுப்பாளர் அளித்த சான்றிதழால் பொய்யாகிறது. எனவே சுவர் தானாகவே விழுந்திருக்கிறது. தானாக விழும் சுவர் முறையாகக் கட்டப்பட்டதாக இருக்க முடியாது.’ நாலு வருஷம் ஜெயில்.”

வாசிச்சுட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினாரு. அங்க அந்தச் சான்றிதழ். ஒரே வரி. ‘குறிப்பிட்ட தேதியில் எந்த அதிர்வும் பதிவாகவில்லை.’ கீழே எங்க அப்பா கையெழுத்து.

இது எனக்கு அதுவரைக்கும் தெரியாது. ஒன்பது நாள் பொய்க்கணக்கு எழுதினாருன்னுதான் நான் கொதிச்சுக்கிட்டு இருந்தேன். அந்தப் பொய்யை வெச்சு ஒரு மனுஷனை ஜெயிலுக்கு அனுப்பியிருக்காருன்னு தெரிஞ்சதும் அந்தச் சான்றிதழை என் பக்கம் இழுத்து நானே படிச்சேன். அந்தக் கொத்தனார் என்ன ஆனாருன்னு கேட்டேன். வெளிய வந்தப்புறம் கொத்துக் கரண்டியைத் தொடவே இல்லையாம், பத்து வருஷம் முன்னாடி அவரு பொண்ணு மனு போட்டிருக்கு, அப்பா செத்துட்டாரு பேரையாவது சரி பண்ணுங்கன்னு. அந்த மனு மேலயும் எங்க அலுவலகத்து முத்திரைதான். ‘பதிவேட்டுடன் முரண்.’

“வெள்ளிக்கிழமை பன்னிரண்டுக்குள்ள உங்க அப்பா கையெழுத்துப் போட்ட வாக்குமூலம் கொண்டு வாங்க”ன்னாரு ஆதாரம். “அன்னைக்கு எங்க இருந்தாரு, திரும்பி வந்து என்ன பார்த்தாரு. முக்கியமா அந்தச் சுவரை. கருவி தெரிஞ்ச ஆள், பார்த்திருந்தா நல்ல சுவரா கெட்ட சுவரான்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கும். அது இருந்தா நான் உங்க பக்கம் நிற்கிறேன்.”

இதெல்லாம் வெறும் பழைய கதையா இருந்தா நான் அன்னைக்கே அழுதுட்டு விட்டிருப்பேனோ என்னவோ. ஆனா என் தங்கச்சி எங்க ஊர்ப் பிரசவ ஆஸ்பத்திரியில தலைமை நர்ஸ். பிறந்த குழந்தைங்களை வெச்சிருக்கிற வார்டு தரைத்தளத்துல. முப்பது தொட்டில். அந்தக் கட்டடத்துக்கு மேல இன்னும் நாலு மாடி ஏத்தப் போறாங்க. திங்கட்கிழமை கான்கிரீட் போட ஆரம்பம். கீழ இருக்கிற தூணை ஒண்ணும் பண்ணப் போறதில்லை, ஏன்னா வரைபடத்துல எங்க ஊர் இருக்கிறது ரொம்பக் குறைஞ்ச ஆபத்து நிறத்துல. நிறம் மாறினா திட்டத்தை நிறுத்தித் தூணைப் பலப்படுத்தியே ஆகணும். மாறலைன்னா அந்த நாலு மாடியும் என் தங்கச்சி தலைமேலயும் அந்த முப்பது தொட்டில் மேலயும்தான் நிற்கும்.

வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டுட்டுப் பதினொரு மணிக்குப் போனேன். அப்பா தங்கச்சி வீட்டுலதான் இருக்காரு. தங்கச்சிக்கு ரெண்டு மணிக்கு டியூட்டி, உள்ள யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுக்கிட்டு இருந்தா. அப்பா ஜன்னல் ஓரத்துல மேசை போட்டு, பூதக்கண்ணாடி வெச்சுக்கிட்டு, நிலையத்தோட நூற்றாண்டு மலருக்கு அச்சுப் பிழை திருத்திக்கிட்டு இருந்தாரு.

“வா பெரியவளே. இதைப் பாரு, என் போட்டோவை முழுப் பக்கம் போட்டிருக்கான். ‘பத்தொன்பது வருஷம், ஒரு வேளை கூடத் தவறாத பதிவு’. எப்படி?”

எனக்கு வந்துச்சே ஆத்திரம்! உட்காரக் கூட இல்லை.

“குட்டி பிறந்தப்போ ஒன்பது நாள் எங்கப்பா இருந்தீங்க?”

“ஆஸ்பத்திரியில. தெரியாத மாதிரி கேட்கிற.”

“அப்போ பதிவேட்டுல எழுதினது யாரு?”

அவரு பூதக்கண்ணாடியைக் கீழ வைக்கலை. கை மட்டும் நின்னு போச்சு.

“அது... காவலாளி பார்த்துச் சொன்னான், வந்து எழுதினேன்.”

“காவலாளிக்குக் கருவி பார்க்கத் தெரியுமா? கருவியில காகிதம் சுத்துற அந்த உருளைக்கு ரெண்டு நாளைக்கு ஒரு தடவை சாவி கொடுக்கணும்னு சின்ன வயசுல எங்களுக்கே சொல்லித் தந்தீங்களே. சாவி யாரு கொடுத்தா?”

“இப்போ என்னத்துக்கு இதெல்லாம்?”

“சாவி யாருப்பா கொடுத்தா?”

“யாரும் கொடுக்கலை!” மலரைத் தூக்கி மேசையில எறிஞ்சாரு. “நின்னு போச்சு. போதுமா? மாற்று ஆள் கிடையாது, லீவு கேட்டா வர்றதுக்கு மூணு வாரம் ஆகும். அங்க உங்க அம்மா சாகக் கிடக்கிறா. என்ன பண்ணச் சொல்ற? உட்கார்ந்து ஊசியைப் பார்த்துக்கிட்டு இருக்கச் சொல்றியா?”

“நீங்க போனதை நான் கேட்கவே இல்லை. வந்தப்புறம் ‘ஆள் இல்லை’ன்னு எழுதியிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்? அட, ஒண்ணும் எழுதாம வெறும் பக்கமா விட்டிருக்கக் கூடாதா? வெறும் பக்கம் யாரையும் ஏமாத்தாதுப்பா. நீங்க உட்கார்ந்து இருபத்தேழு தடவை இல்லை, இல்லை, இல்லைன்னு எழுதியிருக்கீங்க. அந்தக் கை வலிக்கவே இல்லையா?”

“வேலை போயிருக்கும்டி. ரெண்டு பொண்ணை வெச்சுக்கிட்டுத் தெருவுல நின்னிருக்கணும். எல்லாரும்தான் எழுதினாங்க. எந்த நிலையத்துல எழுதலை சொல்லு.”

“ஆமா, எல்லாரும் எழுதினீங்க, அதை நாங்க வேதவாக்கா நம்பி ஊர் பூரா கட்டடம் கட்டிக்கிட்டு இருக்கோம். நல்லா இருக்கு நியாயம்!”

இஸ்திரிப் பெட்டியை வெச்சுட்டுத் தங்கச்சி வெளிய வந்தா. “அக்கா, கொஞ்சம் மெதுவா. வயசான மனுஷனை நிக்க வெச்சுக் கேள்வி கேட்கிறியே, நல்லாவா இருக்கு? எனக்காகத்தானே அவரு போனாரு?”

“உனக்காகத்தான் நானும் வந்திருக்கேன், வாயை மூடு.” அவளுக்கு எல்லாத்தையும் சொன்னேன். வெள்ளிக்கிழமை, நாலு மாடி, தூண். கொத்தனாரைப் பத்தி மட்டும் சொல்லலை. ஏன் சொல்லலைன்னு கேட்டா, எனக்கே வாய் கூசிச்சு.

அப்பா குரல் இறங்கிடுச்சு. ஆஸ்பத்திரின்னதும் தங்கச்சியைப் பார்த்தாரு. “சரி, எழுதித் தர்றேன். கருவி பழுதுன்னு எழுதித் தர்றேன். அந்த ஒன்பது நாள் கருவி பழுதாகி இருந்துச்சு, கவனக்குறைவா சரின்னு குறிச்சுட்டேன். அது போதும்ல? பேனா எடு.”

“போதாது.”

“ஏன் போதாது? பதிவேட்டை அடிச்சுடுவாங்கல்ல?”

“அக்கா, அவருதான் தர்றேங்கிறாரே, வாங்கிக்கயேன்”னா தங்கச்சி. “என் தலைக்கு மேல நாலு மாடிக்கா.”

“போதாதுடி! பதிவேட்டை அடிச்சா அது சின்ன நடுக்கமாத்தான் உள்ள போகும். உன் நாலு மாடி அப்படியே நிற்கும். மார்க்கெட் சுவர் நல்ல சுவர்னு சொல்ல ஆள் வேணும். நல்ல சுவரைத் தள்ளுற அளவுக்கு நிலம் ஆடிச்சுன்னு சொல்ல ஆள் வேணும்.” அப்பா பக்கம் திரும்பினேன். “மார்க்கெட் சுவர்ப்பா. ஞாபகம் இருக்கா?”

ஞாபகம் இருந்துச்சு. அவரு முழிச்ச முழியே சொல்லிடுச்சு. நாற்காலியில உட்கார்ந்தாரு, மூட்டு வலிக்கிற மாதிரி முழங்காலைத் தேய்ச்சாரு. தங்கச்சி என்னைப் பார்த்தா, அவரைப் பார்த்தா.

“என்ன சுவரு?”

“கேளு உங்க அப்பாவை.”

“என்ன சுவருப்பா?”

நான்தான் சொன்னேன், இந்தத் தடவை ஒண்ணையும் விடலை. தீர்ப்பை, சான்றிதழை, நாலு வருஷத்தை, கொத்தனார் பொண்ணு போட்ட மனுவை. தங்கச்சி கையில இஸ்திரி போட்ட தொப்பி இருந்துச்சு, அதை மடிச்சு மடிச்சுச் சின்னதாக்கிட்டா.

“அந்தச் சான்றிதழ் பொய் இல்லை”ன்னாரு அப்பா. “நான் யோசிச்சுத்தான் எழுதினேன். ‘பதிவாகவில்லை’ன்னுதான் எழுதியிருக்கேன். ஆடலைன்னு எழுதலை. கருவி நின்னு போச்சு, பதிவாகலை. வார்த்தைக்கு வார்த்தை உண்மை.”

“அடப் பாவி மனுஷா”ன்னே சொல்லிட்டேன், பெத்த அப்பாவை. “ஒருத்தனை உள்ள தள்ளுறதுக்கு உட்கார்ந்து வார்த்தை வார்த்தையாப் பொறுக்கி எடுத்தீங்களா? இத்தனை வருஷமா இதை ஒரு சமாதானமா வேற வெச்சிருக்கீங்களா? உங்க வாயில ஒரு உண்மை வர்றதுன்னா அதுவும் அடுத்தவன் குடியைக் கெடுக்கத்தான் வருமா?” இன்னும் என்னென்னவோ கேட்டேன். நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரிதான் கேட்டேன். கீழ் வீட்டுக்காரங்க கதவைத் திறந்து மூடற சத்தம் கேட்டுச்சு, கேட்கட்டும்னு இன்னும் கத்தினேன். அவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டு மழையில நிற்கிற மாதிரி அதை வாங்கிக்கிட்டு இருந்தாரு. கத்தறது அவருக்குப் பழகின விஷயம். நான் சின்ன வயசுலேர்ந்தே கத்தறவ.

தங்கச்சி கத்தலை. அவரு முன்னாடி முட்டி போட்டு உட்கார்ந்தா. குழந்தைங்ககிட்ட ஊசி போடறதுக்கு முன்னாடி உட்கார்ற மாதிரி.

“நீங்க அந்தச் சுவரைப் பார்த்தீங்களாப்பா?”

“குட்டி...”

“பார்த்தீங்களா?”

அவகிட்ட அவருக்குப் பொய் சொல்ல வராது. என்கிட்ட எத்தனை வேணும்னாலும் சொல்லுவாரு.

“பார்த்தேன்”னாரு. “வந்து இறங்கினதுமே பார்த்தேன். நிலையத்துலயே கருவி ரூம் சுவர்ல மேலேர்ந்து கீழ வரைக்கும் விரிசல். காவலாளி சொன்னான், ஐயா பெட்டி எல்லாம் நகர்ந்துச்சு, நான் வெளிய ஓடிட்டேன்னு. அவன் வாயை அடைச்சேன். விரிசலுக்கு நானே சுண்ணாம்பு குழைச்சு அடிச்சேன். அப்புறம் மார்க்கெட்டுக்குப் போனேன். குவியலா கிடந்துச்சு. கையில எடுத்துப் பார்த்தேன்.” கையை விரிச்சுக் காட்டினாரு, அந்தக் கல் இன்னும் அதுல இருக்கிற மாதிரி. “செங்கல்தான் ரெண்டா உடைஞ்சிருந்துச்சு. நடுவுல வெச்ச கலவை விடவே இல்லை. மட்டமான சுவர்னா கலவை உதிர்ந்து கல்லு முழுசா இருக்கும். இது கல்லே முறிஞ்சிருக்கு. அப்படிக் கட்டியிருந்தான் அந்த ஆளு. அதைவிட நல்லா யாராலயும் கட்ட முடியாது.”

“இதைக் கோர்ட்டுல சொன்னீங்களா?”

“என்னைக் கூப்பிடலை. சான்றிதழ் மட்டும்தான் கேட்டாங்க.”

“அவரு ஜெயிலுக்குப் போனது தெரியுமா?”

“தெரியும். ஒரு வருஷத்துல விட்டுடுவாங்கன்னு நினைச்சேன்.”

தங்கச்சி எழுந்துட்டா. நான் பையிலேர்ந்து காகிதத்தையும் பேனாவையும் எடுத்து அவரு முன்னாடி வெச்சேன். “இப்போ சொன்னதை அப்படியே எழுதுங்க. ஒரு வார்த்தையும் பொறுக்க வேண்டாம்.”

எழுதினாரு. அரை மணி நேரம் ஆச்சு. எழுத்து இன்னும் அச்சு மாதிரிதான் இருந்துச்சு, அதைப் பார்க்கவே எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. ஆஸ்பத்திரி, உருளை நின்னது, விரிசல், சுண்ணாம்பு, செங்கல், சான்றிதழ். எல்லாத்தையும் எழுதிட்டுப் பேனாவை மூடி வெச்சுட்டாரு.

“கையெழுத்து”ன்னேன்.

அவரு என்னைப் பார்க்கலை. தங்கச்சியைத்தான் பார்த்தாரு. அவ தலை வாரி, தொப்பியைப் பிரிச்சுத் தட்டி நேராக்கிக்கிட்டு இருந்தா. ஒன்றரை மணி ஆகப் போகுது.

“குட்டி, இதுல நான் கையெழுத்துப் போட்டா இது கோர்ட்டுக்குப் போகும், பத்திரிகையில வரும். நான் பண்ணது ஊருக்கே தெரிஞ்சுடும். அப்புறமும் நீ என்னை அப்பான்னு கூப்பிடுவியா?”

“முதல்ல போடுங்க”ன்னா.

போட்டாரு. போட்டுட்டுப் பேனாவைக் கையில வெச்சுக்கிட்டே காத்துக்கிட்டு இருந்தாரு. தங்கச்சி வந்து காகிதத்தை எடுத்து முதல் வரியிலேர்ந்து கடைசி வரி வரைக்கும் படிச்சா. ரெண்டாவது தடவையும் படிச்சா. மேசையில வெச்சுட்டுக் கைப்பையை எடுத்தா, செருப்பைப் போட்டா. எங்க வீட்டுல யாரு வாசல் தாண்டினாலும் ‘போயிட்டு வர்றேன்ப்பா’ன்னு சொல்லாம தாண்டினது கிடையாது. சண்டை போட்டுட்டுப் போனாக்கூடச் சொல்லிட்டுத்தான் போவோம். அவரு வாயைத் திறந்து ‘சரிம்மா’ங்கிறதுக்குத் தயாரா இருந்தாரு. அவ கதவைச் சாத்திட்டுப் போயிட்டா.

படியில அவ இறங்குற சத்தம் நின்னுச்சு.

“பெரியவளே”ன்னாரு. “நீயாவது என்னை ஏதாவது திட்டு.”

திட்டறதுக்கு எனக்கு அன்னைக்கு மட்டும் ஒரு வார்த்தை கூட மிச்சம் இல்லை. காகிதத்தைத் திருப்பி அவரு பக்கம் நகர்த்தினேன்.

“தேதி போடலை நீங்க”ன்னேன். “இன்னைக்குத் தேதி போடுங்க. பக்கத்துல இடமும் எழுதுங்க. இப்போ நிஜமா எங்க இருக்கீங்களோ, அந்த இடம்.”